வெள்ளைத் தாயின் சாம்பல் குட்டிகள்

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் எலி அறைக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டது. ஏழாம் கூண்டில் கறுப்புக் குட்டிகளுக்கு நடுவே இரண்டு சாம்பல்.

முதலில் அழுக்கு என்றுதான் நினைத்தேன். ஈரப் பஞ்சால் துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. ஒரு முடியைப் பிடுங்கி லென்ஸுக்கு அடியில் வைத்தேன். அடியில் கறுப்பு, நடுவில் மஞ்சள் பட்டை, நுனியில் மறுபடி கறுப்பு. அடுப்பங்கரையில் ஓடுகிற சுண்டெலியின் முடி அப்படியே இதுதான். தள்ளி நின்று பார்த்தால் எல்லாம் கலந்து மண்சாம்பலாகத் தெரியும்.

எங்கள் ஆய்வகத்தில் வளர்வது சுத்தக் கறுப்பு வம்சம். அண்ணனும் தங்கையுமாகச் சேர்த்துச் சேர்த்தே பல தலைமுறையாகப் பெருக்கியது. கறுப்புக்கும் கறுப்புக்கும் கறுப்புதான் பிறக்கும். ஏனென்றால் சாம்பல், கறுப்பை அமுக்கிவிடுகிற நிறம். அப்பாவிடமோ அம்மாவிடமோ அது இருந்திருந்தால் அவர்கள் உடம்பிலேயே தெரிந்திருக்கும். கறுப்பு எலிக்குள் சாம்பல் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. அப்படியானால் வெளியாள் எவனோ உள்ளே வந்திருக்கிறான்.

ஏழாம் கூண்டில் இருப்பவள் பெற்ற தாய் இல்லை, செவிலி. வெள்ளை எலி. எங்கள் கறுப்புத் தாய்மார் முதல் ஈற்றில் பெற்றதைத் தாங்களே கடித்துத் தின்றுவிடுவார்கள், அவ்வளவு நல்லவர்கள். அதனால் பிறந்தவுடன் குட்டிகளைத் தூக்கி, அப்போதுதான் ஈன்ற வெள்ளைக்காரியிடம் விட்டுவிடுவோம். அவளுடைய சொந்தக் குட்டிகளை எடுத்துவிடுவோம். எடுத்து என்ன செய்வோம் என்பதை எழுத வேண்டாம்.

எந்த வழியாக வந்திருக்கும் என்று காலை முழுவதும் மண்டையை உடைத்துக்கொண்டேன். சாக்கடை மூடியைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை.

மெஸ்ஸில் தக்காளி சாதம். பாதியை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

பிப்ரவரி 4, புதன்

சாரிடம் சொல்லிவிட்டேன். கோமதிநாயகம் சார் என் நெறியாளர். என் ஆய்வேடு ஒரு மாதமாக அவர் மேஜையில்தான் கிடக்கிறது, கையெழுத்துக்காக. ஜூனில் புலத்தலைவர் ஆகப்போகிறவர் என்பதால் இப்போது எல்லாருக்கும் அவர் மேல் ஒரு கண்.

அவர் வந்து குட்டிகளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. "சாக்கடை மூடியை யாரு பாத்துக்கிடறது?" என்று மட்டும் கேட்டார்.

பேச்சியக்காதான். கூண்டு கழுவுவது, உமி மாற்றுவது, தீனி போடுவது எல்லாம் அவள்தான். ஒப்பந்த வேலை, வருஷா வருஷம் மார்ச் முடிவில் நீட்டிப்பார்கள். யாராவது கேட்டால் இல்லை என்று சாதித்திருக்கலாம். யாரும் கேட்பதற்கு முன்னாலேயே அவள் சொல்லிவிட்டாள். புது வருஷத்துக்கு மறுநாள் தரை கழுவினாளாம், தண்ணீர் வடியவில்லையாம், மத்தியானம் முழுக்க மூடியைத் திறந்து வைத்திருந்தாளாம். "எலி அது வழியாத்தான் சார் வந்திருக்கும். கூண்டு மூடியையும் நான் சரியா வைக்கலையோ என்னவோ. என் கையாலதான் கெட்டுது" என்றாள்.

எனக்கு அவள் மேல் எரிச்சலாக வந்தது. இப்படியா ஒருத்தி தலையை நீட்டுவாள்?

வெளி எலி வந்தால் கூடவே நோயும் வரும் என்றார் சார். ஏழாம் கூண்டை அழிக்கச் சொன்னார். மற்றதை மார்ச் கடைசியில் கூடுகிற ஆய்வகக் குழு பார்த்துக்கொள்ளும், அதுவரை பேச்சியக்கா உள்ளே வர வேண்டாம் என்றார்.

பிப்ரவரி 6, வெள்ளி

கறுப்புக் குட்டிகளை முடித்தேன். வெள்ளைத் தாயையும் சாம்பல் இரண்டையும் முடிக்க முடியவில்லை. பழைய சாமான் அறையில் உடைந்த ஏசிக்குப் பின்னால் கூண்டை வைத்துவிட்டு வந்தேன். அழித்தாயிற்று என்று சாரிடம் சொன்னேன்.

ஏன் வைத்தேன் என்று கேட்டால், ஆராய்ச்சி மாணவிக்கு ஆர்வம் இருக்கக்கூடாதா?

பிப்ரவரி 9, திங்கள்

உமி மாற்றி முதுகு ஒடிந்துவிட்டது. இதைப் பேச்சியக்கா ஒற்றை ஆளாகத் தினமும் எப்படிச் செய்தாள் என்று தெரியவில்லை. கூடவே வாயும் ஓயாது. எலிகளைக் கல்யாண வீட்டுச் சனம் மாதிரி உறவு சொல்லிக் கூப்பிடுவாள். அண்ணனையும் தங்கையையும் ஒரே கூண்டில் விடும்போதெல்லாம், "நீங்க படிச்சவுக, நான் கண்ண மூடிக்கிடுதேன்" என்பாள். இப்போது அறையில் விசிறிச் சத்தம் மட்டும்தான்.

கையில் மூத்திர வாடை. எத்தனை சோப்புப் போட்டாலும் போக மாட்டேன் என்கிறது.

பிப்ரவரி 18, புதன்

சாம்பல் புதன். எங்கள் ஊர் நாசரேத்திலிருந்து அம்மா போன். எப்சி, கோயிலுக்குப் போனாயா, லெந்து நோன்பு நாளில் எதை ஒறுக்கப்போகிறாய் என்று கேட்டாள். டீயை என்றேன். சாயங்காலமே இரண்டு டீ குடித்துவிட்டேன்.

சாம்பல் குட்டிகள் பால் குடி மறந்துவிட்டன. ஒன்று ஆண், ஒன்று பெண்.

பிப்ரவரி 20, வெள்ளி

இன்று கூண்டு கழுவும்போது திடீரென்று ஞாபகம் வந்தது. எழுதி வைக்கிறேன்.

புது வருஷம் பிறந்த சமயம் செவிலிகள் குறைந்துவிட்டன. வெள்ளை ஆண் எலிகள் கிழடு தட்டிவிட்டன, புதியவை வந்து சேரவில்லை. என்ன செய்வது என்று சாரிடம் கேட்டேன். அவர் ஏதோ கூட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "கறுப்புக் கடுவனையே விடு. நமக்குப் பால்தானம்மா வேணும், பிள்ளையா வேணும்?" என்றார். விட்டேன்.

வெள்ளைக்கு வெள்ளைதான் சேர்க்க வேண்டும் என்பது விதி. அந்த விதியை எழுதியதே சார்தான். காரணம் இருக்கிறது. வெள்ளைக் குட்டிக்குப் பிறக்கும்போதே கண் வெளிறியிருக்கும், கறுப்புக்கு மூடிய இமை வழியாகவே கருமணி தெரியும். அதைப் பார்த்துத்தான் எது செவிலியின் குட்டி, எது வந்த குட்டி என்று பிரிப்போம். அப்பன் கறுப்பாக இருந்தால் செவிலியின் குட்டிக்கும் கண் கறுத்துவிடும். ஜனவரியில் நான் ஏழாம் கூண்டுக்காரியின் குட்டிகளை எடுத்தபோது இரண்டு, கூண்டில் போட்ட பஞ்சுக்குள் ஒட்டிக்கொண்டு தப்பியிருக்க வேண்டும். நான் எண்ணவில்லை. கண் கறுப்பாக இருந்ததால் வந்த குட்டிகளோடு சேர்ந்துவிட்டன.

வெள்ளை எலிக்கு நிறம் இல்லை என்பது தவறு. பெயின்ட் டப்பா காலி, அவ்வளவுதான். எந்தச் சுவருக்கு என்ன பெயின்ட் என்று எழுதிய சீட்டு வீட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது. எங்கள் வெள்ளைக்காரியின் சீட்டில் சாம்பல் என்று இருக்கிறது. டப்பாவைக் கொண்டுவந்தவன் கறுப்புக் கடுவன். அதனால் வெள்ளைக்கும் கறுப்புக்கும் பிறந்தது எல்லாம் சாம்பல். இதை சார் ஒவ்வொரு வருஷமும் எம்.எஸ்ஸி. முதல் வாரத்தில் போர்டில் போட்டுக் காட்டுவார். பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள்.

அவர் மறந்துவிட்டாரா, மறந்தமாதிரி இருக்கிறாரா?

நான் வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? ஆதாரம் வேண்டும். சாம்பல் அண்ணனையும் தங்கையையும் ஒரே கூண்டில் விட்டிருக்கிறேன். அவற்றுக்குப் பிறக்கும் குட்டிகளில் வெள்ளை வந்தால் பாட்டி வெள்ளை. கறுப்பும் வந்தால் தாத்தா கறுப்பு. வீட்டெலி தாத்தாவாக இருந்தால் இரண்டும் சேர்ந்து வரவே வராது. வந்துவிட்டால் யாரும் ஒரு வார்த்தை பேச முடியாது. அறிவியல் முறை என்று ஒன்று இருக்கிறது.

வயதுக்கு வர வேண்டும், சினைப்பட வேண்டும், ஈன வேண்டும். ஏப்ரல் ஆகும்.

மார்ச் 2, திங்கள்

பேச்சியக்கா கேட்டில் வந்து நின்றாள். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. வெளியே டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

இளைத்துவிட்டாள். வீட்டில் மறுபடி பீடி சுற்ற உட்கார்ந்துவிட்டாளாம். அவள் புருஷன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறானாம், எலி பார்க்கப் போனவள் எலியை விட்டுவிட்டாள் என்று. அதைக்கூட அவள் பெரிதாக எடுக்கவில்லை. என் ஆய்வேடு கெட்டுப்போய்விட்டதா என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டாள். "ஒனக்கு ஒண்ணும் ஆவலியே புள்ள? அஞ்சு வருசமா ஓடியாடிப் படிச்சத நான் ஒரு மூடியத் தொறந்துவச்சுக் கெடுத்துப்போட்டேனே" என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

இல்லக்கா, எனக்கு ஒன்றும் ஆகாது என்றேன். அது பொய் இல்லை. மேற்கொண்டு சொல்லத்தான் நினைத்தேன். கடையில் ஆட்கள் இருந்தார்கள். அவள் ஊருக்குப் போகிற முக்கூடல் பஸ்ஸும் வந்துவிட்டது.

அடுத்த பஸ் அரை மணியில் உண்டு. தெரியும்.

மார்ச் 12, வியாழன்

சாம்பல் தங்கச்சியின் வயிறு லேசாக உருண்ட மாதிரி இருக்கிறது. தீனி அதிகமோ?

மார்ச் 19, வியாழன்

உயிர் போய் உயிர் வந்தது. ஏசி பழுது பார்க்க ஆள் வந்திருக்கிறான், சாரே அவனோடு சாமான் அறைக்கு வந்துவிட்டார். நான் உள்ளே குத்தவைத்துத் தண்ணீர் புட்டி மாற்றிக்கொண்டிருந்தேன். அப்படியே எழுந்து கூண்டுக்கு முன்னால் நின்றேன். பழைய மைக்ரோஸ்கோப் தேடுகிறேன் சார் என்றேன். 

அவர் வாசலிலேயே நின்றார். அறையில் எலி வாடை மூக்கைத் துளைத்தது. முப்பது வருஷம் எலியோடு இருந்தவருக்கு அந்த வாடை தெரியாதா? "அந்த மைக்ரோஸ்கோப்பை எப்பவோ கழிச்சாச்சே" என்றார். ஏசிக்காரனை நாளைக்கு வரச் சொல்லிவிட்டு என்னை முன்னால் விட்டுப் பூட்டினார். சாவியைப் பையில் போடாமல் ஆணியிலேயே மாட்டிவிட்டுப் போனார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மத்தியானமே கூண்டை மாடிப்படிக்கு அடியில் மாற்றிவிட்டேன்.

மார்ச் 24, செவ்வாய்

பன்னிரண்டாம் தேதி பார்த்தது சினை இல்லை. வெறும் கொழுப்புதான் அது. இன்று காலையில்தான் நிஜமாகவே கனம் தெரிகிறது.

இந்த ஒரு வாரத்தில் சாரிடம் பேசிவிடலாமா என்று இரண்டு தடவை அவர் அறை வாசல் வரை போனேன். ஒரு தடவை உள்ளே வேறு ஆள் இருந்தது. இன்னொரு தடவை வேறு ஆள் இல்லை.

மார்ச் 27, வெள்ளி

சார் ஆய்வேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மார்ச் 30, திங்கள்

பிரதி எடுத்து, அட்டை போட்டு, ஒப்படைத்து ரசீது வாங்கிவிட்டேன். அம்மா போனில் அழுதாள். அடுத்தது கல்யாணம்தானே என்றாள், கண்ணைத் துடைத்த கையோடு.

மார்ச் 31, செவ்வாய்

குழு கூடியது. அரை மணியில் முடிந்துவிட்டது. பேச்சியக்காவின் ஒப்பந்தத்தை நீட்டவில்லை. கவனக்குறைவு என்று குறித்திருக்கிறார்கள். சார் குனிந்து பேனாவைத் திருகிக்கொண்டிருந்தாராம். ஆபீஸில் சொன்னார்கள்.

என் கையில் இன்னும் ஆதாரம் வரவில்லை. நான் என்ன செய்ய முடியும்?

எரிச்சலாக இருக்கிறது. எல்லார் மேலும் எரிச்சல்.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

கோயிலுக்குப் போகவில்லை. வளாகத்தில் ஈ காக்கை இல்லை. படிக்கட்டுக்கு அடியில் கால் மரத்துப்போக உட்கார்ந்திருந்தேன்.

காலை வெயில் ஏறும்போது ஈன்றுவிட்டாள். சிவப்புச் சிவப்பாக, விரல் நுனி அளவில். ஒவ்வொன்றாகத் தூக்கி டார்ச்சில் பார்த்தேன். கருமணி. கருமணி. கருமணி.  அப்புறம் ஒன்று, கண் இருக்கிற இடமே தெரியவில்லை, வழுவழுவென்று வெளிறிக் கிடந்தது. இன்னொன்றும் அப்படியே.

பாட்டி வெள்ளைதான்.

அழுதேன். சந்தோஷத்தில்தான் என்று நினைக்கிறேன். கறுப்பும் வருகிறதா என்று தெரிய முடி முளைக்க வேண்டும். இன்னும் ஒன்பது பத்து நாள்.

ஏப்ரல் 13, திங்கள்

எல்லாம் வந்துவிட்டது. சாம்பல் மூன்று. வெள்ளை இரண்டு. மை மாதிரி கறுப்பு இரண்டு. லவங்கப் பட்டைத்தூள் நிறத்தில் ஒரு குட்டி, யாரும் கேட்காமல் அதுவும். சாம்பல் அண்ணன் தங்கைக்குள் இத்தனையும் இருந்திருக்கிறது.

கூண்டைத் தூக்கிக்கொண்டு நேராக சார் அறைக்குப் போய் மேஜையில் வைத்தேன். பேச வேண்டியதையெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. மூடியைத் திறந்து பார்த்தார். கறுப்புக் குட்டியை உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"ஏழாம் கூண்டோட பேரப்பிள்ளைகளா?" என்றார்.

ஆமாம் என்றேன். ஜனவரியில் கறுப்புக் கடுவனை விடச் சொன்னது நீங்கள்தான் என்றும் சொன்னேன். 

"மறந்துட்டேன்னு சொன்னா நீ நம்பமாட்ட. நம்பவும் வேண்டாம்." குட்டியை அதன் தாய்ப் பக்கத்தில் விட்டார். "ஆய்வேடு போயாச்சுல்ல?"

"போயாச்சு சார்."

"கெட்டிக்காரி" என்றார்.

அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். எனக்கு முகம் எரிந்தது.

என் கண் முன்னாலேயே கணினியைத் திறந்து பதிவாளருக்கு எழுதினார். விதியை மீறச் சொன்னது தான்தான், வெளி எலி எதுவும் வரவில்லை, சாக்கடை மூடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பணியாளரைத் திரும்ப எடுக்க வேண்டும், புலத்தலைவர் பதவிக்குத் தன் பெயரை எடுத்துவிடலாம். நாலு வரிதான். ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார். அதற்குள் மேஜையில் இருந்த அவர் டீ ஆறக்கூட இல்லை.

ஏப்ரல் 16, வியாழன்

ஆபீஸிலிருந்து உத்தரவு வந்துவிட்டது. திங்கட்கிழமையிலிருந்து பேச்சியக்கா வேலைக்கு வரலாம். நானே போய்ச் சொல்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன். முக்கூடல் பஸ்ஸில் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே போனேன். பக்கத்து சீட்டில் இருந்த பெண் ஒரு மாதிரி பார்த்தாள்.

பேச்சியக்கா மடியில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. எழுந்து தண்ணீர் கொண்டுவரப் போனவளை உட்கார வைத்துவிட்டு எல்லாம் சொன்னேன். எலியே வரவில்லை, மூடியால் ஒன்றுமே ஆகவில்லை, செவிலியின் குட்டிகள்தான் அவை, கறுப்பும் வெள்ளையுமாகப் பிறந்து நிரூபித்துவிட்டன என்றெல்லாம் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன்.

"அப்பம் நான் ஒண்ணும் செய்யலியா?" என்றாள்.

"இல்லக்கா. நீங்க ஒண்ணுமே செய்யல."

அவள் இலையைச் சுளகில் போட்டாள். இரண்டு கையாலும் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.  நான் அவள் தோளில் கை வைத்தேன். பிறகு தலை தூக்கி, சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"ஒனக்கு இது எப்பம் தெரியும் எப்சி?"

ஏப்ரல் மூன்றாம் தேதி என்று சொல்லலாம். பதிமூன்று என்றும் சொல்லலாம். பிப்ரவரி இருபது என்று சொன்னால்கூட அதற்கு இந்த டைரியில் எழுத்து இருக்கிறது. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கே தெரியும்க்கா. அந்தக் குட்டிகளப் பாத்த அன்னைக்கே."

அவள் என் கையைத் தன் தோளிலிருந்து எடுத்து என் மடியில் வைத்தாள். சுளகை இழுத்து இலையை மறுபடி கையில் எடுத்துக்கொண்டாள். ஒரு பீடி சுற்றி, நூல் கட்டி, தட்டில் போட்டாள்.

"எலி குட்டி போட்டாத்தான் ஒனக்கு வாய் தொறக்குமோ?" என்றாள்.

நான் பதில் சொல்ல ஆரம்பித்தேன். ஆதாரம், குழு, கையெழுத்து என்று ஏதேதோ வந்தது. அவள் நிமிரவில்லை.

"திங்கக்கெழம வேலைக்கு வாரேன். நான் உள்ள இருக்கையில நீ அங்க வராத. இப்பம் போ."

உத்தரவை அவள் பக்கத்தில் வைத்தேன். காற்றில் பறக்காமல் இருக்க அதன் மேல் கத்தரிக்கோலைத் தூக்கி வைத்தாள். நான் வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றேன்.